சாத்தமுதும் லிட்மஸ் தாளும்

காலை மணி பதினொன்று இருபது. நாம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இன்றும் மாட்டியிருக்கும் அதே கடிகாரத்தில்தான் பார்த்தேன். வரிசையில் முப்பது பேருக்குமேல் நின்றிருந்தார்கள். அந்தக் காலத்தில் மிக்ஸ்சர் வாங்க நோயாளிகள் அவரவர் பாட்டிலைக் கொண்டுவருவார்கள். நாம் மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரியும்படி காகிதப் பட்டையில் பல் வெட்டி ஒட்டிக் கொடுப்போம். குனிந்தபடியே காகிதம் வெட்டிக்கொண்டு, “முந்தே பன்னி” என்று அடுத்தவரைக் கன்னடத்தில் கூப்பிட்டேன். ஒரு பாட்டில் ஜன்னல் பலகைமேல் வந்து நின்றது. அது காலியாக இல்லை.

நிமிர்ந்தால் என் பெண் யதுகிரி நிற்கிறாள்.

கல்லூரியில் இருக்கவேண்டிய நேரம். பத்தொன்பது வயது, ரசாயனம் படிக்கிறவள். அரைமணி நேரமாக அந்த வரிசையில் நோயாளிகளோடு நோயாளியாக நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

“அப்பா, இதைச் சோதிச்சுப் பாருங்கோ” என்றாள், மெதுவாக. “ஆத்து சாத்தமுது. அம்மா இதிலே என்னமோ கலக்கறா.”

வெளியே ரசம் என்பதை எங்கள் வீட்டில் சாத்தமுது என்போம். அன்று காலை அதைத்தான் நானும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தேன்.

“அம்மாவா? என்னடீம்மா சொல்றே?”

“நான் சொல்லலே. சொல்றா. ரெண்டு பேர் பேசிக்கிறா, எனக்குக் கேக்கறது.”

பின்னால் நின்ற ஒருவர் “பேக கொடி ஸ்வாமி, பஸ் ஹோகுத்தே” என்று அவசரப்படுத்தினார். அவருக்குப் பஸ் போய்விடும். எனக்கு என்ன போய்க்கொண்டிருந்தது என்பது அப்போது புரியவில்லை. வரிசையைக் கலைக்கக்கூடாது, நாலு பேர் முன்னால் பெண் அழக்கூடாது. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த கவலை இரண்டும் இவைதான். மேஜை இழுப்பறையில் லிட்மஸ் தாள் இருந்தது. ஒரு நீலத் துண்டை எடுத்து சாத்தமுதில் தோய்த்தேன். சிவந்தது. அவள் முகம் வெளுத்தது.

“புளிடீம்மா. புளிப்பு பட்டா நீலம் சிவக்கும், நீ படிச்சதுதானே? வேற ஒண்ணுமில்லே. சுத்தம்.”

“சுத்தமா?”

“சுத்தம்.”

அவள் பெருமூச்சு விட்டாள். பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். அப்பாவைக் கும்பிட்டதுபோல இல்லை. ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் கம்பவுண்டரைக் கும்பிட்டதுபோல இருந்தது.

மருந்துச் சாலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வுபெற்றுப் போகிற நான் நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டீர்கள். எடை, அளவு, கலவை எல்லாம் உங்களுக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

அன்று முதல் அவள், நான் சோதித்துச் சொன்னதைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. லிட்மஸ் தாள் புத்தகம் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. காலையும் மாலையும் சாதம், சாத்தமுது, மோர், குடிக்கிற தீர்த்தம் எல்லாவற்றிலும் தோய்ப்பேன். “சுத்தம்” என்பேன். அவள் சாப்பிடுவாள். என் மனைவி கூடத்து மூலையில் நின்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்றவள் கையை நம்பாத பெண் நம்பியது ஒரு விரற்கடைக் காகிதத்தை. எனக்கு அதில் ரகசியமாகக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நம் ஆஸ்பத்திரியில் அதற்குச் சில வருஷம் முன்புதான் மனநோய்க்கென்று ஒரு சின்ன வார்டு பிரித்திருந்தார்கள். முதலில் அந்த நோயாளிகளுக்கு நான் ஊற்றிக் கொடுத்தது புரோமைடு மிக்ஸ்சரும், நாற்றத்தாலேயே மனிதனை மயக்கும் பாரால்டிஹைடும்தான். அவை தூங்க வைக்கும். தூங்கி எழுந்தவன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். இன்சுலின் போட்டு மயக்கத்தில் ஆழ்த்தி மீட்பது உண்டு, மின்சாரம் வைப்பது உண்டு. இரண்டுக்கும் நான் மருந்துத் தட்டு ஏந்தி நின்றிருக்கிறேன். மீண்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் யார் மீள்வார், யார் மீளமாட்டார் என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை.

பிறகு அந்த மாத்திரை வந்தது. குளோர்ப்ரோமசின். சர்க்கரைப் பூச்சு போட்ட சின்ன உருண்டை. வார்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நின்ற ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். அவர் காலடியில் தரையின் சிமெண்டே தேய்ந்திருந்தது. மாத்திரை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் மருந்துத் தட்டோடு போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “இவத்தின பேப்பர் இதியா?” என்று கேட்டார். இன்றைய பேப்பர் இருக்கிறதா என்கிறார். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் வாங்கி வந்தேன். முப்பது வருஷம் மருந்து கலந்தவன் நான், ஒரு மருந்தைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது அன்றுதான். பெருமாள் கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல அந்தக் கட்டில் முன்னால் நின்றேன்.

யதுகிரியைப் பார்த்த டாக்டர் இதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சின்ன வயசுக்காரர், என் தம்பி பிள்ளை மாதிரி இருப்பார். நோயின் பெயரை ஸ்கிஸோஃப்ரேனியா என்று சொல்லி, ஒரு நிமிஷம் என் தோளில் கை வைத்திருந்தார். “மாத்திரையை அவள் கையில் கொடுங்கள், என்ன மருந்து என்று சொல்லிக் கொடுங்கள்” என்றார்.

சொன்னேன். அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். அடுத்த நாளும் எறிந்தாள்.

மூன்றாம் நாள் நான் மாத்திரையைப் பொடிக்கக் கல்வத்தை எடுத்தேன்.

கசப்பை மறைப்பது நம் தொழில். ஆரஞ்சுத் தோல் சர்பத்தில் எதையெல்லாம் ஒளித்துக் கொடுத்திருக்கிறேன்! சாத்தமுதில் மிளகும் புளியும் இருக்கும்போது ஒரு மாத்திரையை மறைப்பது பெரிய வித்தையா? தடுத்தது என் மனைவி ஒருத்திதான்.

“பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணின சாத்தமுதுன்னா இது. அப்புறம் அதிலே உப்புகூடச் சேக்கமாட்டோமே.”

“அப்போ முன்னாடியே கலந்துடறேன்.”

“நன்னா இருக்கு! பெருமாளுக்கும் மாத்திரையா? அவருக்கென்ன வந்தது?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “வேண்டாம்னா. அந்தப் பெண் உங்களை ஒருத்தரைத்தான் நம்பறது” என்றாள்.

“அதனாலேதான் என்னாலே முடியும்” என்றேன்.

பெருமாளுக்குப் படைத்து அமுது செய்வித்த பிறகு, யதுகிரியின் டம்ளரில் மட்டும் கலந்தேன். கூடத்துக்குக் கொண்டுவந்து, அவள் கண்ணெதிரே லிட்மஸ் தாளைத் தோய்த்து, “சுத்தம்” என்றேன். குடித்தாள். டாக்டர் வாராவாரம் “மாத்திரை சாப்பிடுகிறாளா?” என்று கேட்பார். “சாப்பிடுகிறாள்” என்பேன். அந்த வார்த்தை பொய் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டாள். நாலாவது வாரம் அம்மா கையால் பூ வைத்துக்கொண்டாள். “குரல் இன்னும் கேக்கறதா?” என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள்: “கேக்கறது. ஆனா மொதல்லே காதுக்குள்ளேயே பேசிண்டிருந்தா. இப்போ மூணாவது வீட்டு ரேடியோ மாதிரி. என்ன சொல்றான்னே சரியாப் புரியலே.” அன்று நானும் என் மனைவியும் சமையலறையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்று அழுதோம். எடை பார்த்தால் தராசு முள் அசையாத அளவு பொடி ஒரு மனிதத் தலைக்குள் போய்க் கூச்சலை மூன்று வீடு தள்ளி வைத்துவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் அறிவு திரும்பி வருகிறது என்றால் எல்லா அறிவும்தான் வரும். இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இலை போட்டாயிற்று. டம்ளரை அவள் எடுக்கவில்லை.

“அப்பா, சாத்தமுது குடிச்சா மட்டும் என் நாக்கு மரத்துப் போறது. மோர் குடிச்சா இல்லே, தீர்த்தம் குடிச்சா இல்லே. பத்து நாளா எழுதி வெச்சுண்டு வரேன்.”

“மிளகு ஜாஸ்தியா இருக்கும்.”

“உங்களோட கட்டை விரல்லேயும் ஆள்காட்டி விரல்லேயும் தடிச்சுப் போயிருக்கு, அந்த ரெண்டிலே மட்டும். எதையோ தினமும் பொடி பண்றேள்.”

அந்த மருந்துப் பொடி பட்டுப் பட்டுத் தோல் தடித்திருந்தது உண்மை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு முன்பு இரண்டு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல முடியாத பெண், ஆய்வுக்கூடத்தில் நிற்பதுபோல நின்று என்னைப் படித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க குடியுங்கோ.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிஜத்தைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததே இல்லை. எதிரே நின்றிருந்தது தெளிந்த புத்தி. ஆனால் அவசரத்தில் மனிதன் பழகின பக்கம்தான் திரும்புவான். நான் பழகியிருந்தது “சுத்தம்” என்று சொல்ல. எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவள் சிரித்தாள். சாப்பிட உட்கார்ந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வாசல் கதவை யாரோ தட்டினார்கள். பாயிலிருந்து எழுந்தேன். அந்த மருந்து பழகாத உடம்பில் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், எழுந்து நிற்கும்போது கவனம் வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! கண் இருண்டது. நிலைப்படியில் தலை மோத விழுந்தேன். கண் விழித்தபோது யதுகிரி என் முகத்துக்கு நேரே குனிந்திருந்தாள். கோபம் இல்லை. பயம்கூட இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்ட முகம்.

“அப்போ அவா சொன்னது நிஜம்தான்” என்றாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டாள். சோறு இல்லை, மோர் இல்லை. மறுநாள் தண்ணீரும் இல்லை. லிட்மஸ் தாளை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். என்னைப் பார்த்த பார்வையில் அதைக் கீழே போட்டேன். இரண்டாம் நாள் மாலை, உதடு வெடித்து, நாடி ஓட ஆரம்பித்த நிலையில் ஜட்கா வண்டியில் ஏற்றி வார்டுக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யதுகிரியின் நாடியைப் பிடித்தார். பிறகு சொன்னார்: “பிடித்து ஊசியாகப் போடலாம். இரண்டு நாளில் அடங்கிவிடுவாள். ஆனால் எழுந்திருக்கும்போது யார் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்? இன்று முழுவதும் பார்ப்போம். தண்ணீர் மட்டும் உள்ளே போய்விட்டால் ஊசி வேண்டாம்.” நாடியைப் பிடித்துக்கொண்டே அவர் இதைச் சொன்னதை நீங்கள் கவனிக்கவேண்டும். அந்த ஒரு நாளைக் கொடுப்பதற்கு அவர் எவ்வளவு பயப்பட்டார் என்பது விரலிலேயே தெரிந்தது.

தண்ணீரை உள்ளே அனுப்பியது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. அந்த வார்டில் கௌதள்ளி என்ற கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்த, தமிழ் பேசும் ஒரு ஆயா இருந்தாள். கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் பேரை இங்கே எழுத அவளே சம்மதிக்கமாட்டாள். அவள் ஒரு இளநீரையும் அரிவாளையும் யதுகிரியின் கட்டிலுக்கு எதிரே கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பாரு கண்ணு, இது முழுக்காயி. இதுக்குள்ள எவனும் எதையும் கலக்க முடியாது. நீயே சுத்திப் பாரு, ஓட்டை இருக்குதான்னு.”

யதுகிரி உருட்டிப் பார்த்தாள். கால் மணி நேரம் பார்த்தாள். ஆயா அவசரப்படவே இல்லை. பிறகு அவள் கண்ணெதிரே சீவிக் கொடுத்தாள். குடித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் அந்த மிடறுச் சத்தம் விழுந்தது.

அதற்கப்புறம் தோலோடு வாழைப்பழம். ஓட்டோடு வேகவைத்த கடலைக்காய். மார்கழி மாதம், மைசூர் முழுக்க அவரைக்காய் மணம். வார்டு சமையலுக்கு ஒரு முறம் அவரைக்காயைக் கொண்டுவந்து இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து உரிப்பார்கள். தான் உரித்ததைத் தன் கண்ணெதிரே வேகவைத்தால் சாப்பிடுவாள். உரிக்கும்போது பேச்சு நடக்கும்.

“இப்ப என்ன சொல்லுது அந்தக் கொரலு?”

“உன்னையும் நம்பாதேங்கறது.”

“செரி, நம்பாத. ஆரு நம்பச் சொன்னா? கடலைய நீயே ஒடச்சுத் தின்னு.”

“உங்களுக்குக் கோபம் வரலையா?”

“எங்கூட்டுக்காரன் இருவது வருசமா என்னைய நம்பறதில்ல. அவனுக்கே சோறாக்கிப் போடறேன்.”

யதுகிரி சிரித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

குரல் பொய் என்று அந்த ஆயா ஒருநாளும் சொன்னதில்லை. உண்மை என்றும் சொன்னதில்லை. “எனக்குக் கேக்கலீங்க சாமி. அதுக்குக் கேக்குது. அம்புட்டுத்தான்” என்பாள் என்னிடம். தினமும் காலையில் மாத்திரையை முழுசாக உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். “இது மருந்து. வாய் வறளும், தூக்கம் வரும், எந்திரிச்சா தலை சுத்தும். வேணுமா, வேண்டாமா?” வேண்டாம் என்றால் கையை மூடிக்கொண்டு போய்விடுவாள். “நாளைக்குக் கேக்கறேன்.”

டாக்டர் என்னை உள்ளே போகச் சொன்ன நாளில், கல்வத்தையும் லிட்மஸ் புத்தகத்தையும் மாத்திரைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். கட்டில்மேல் பரப்பி வைத்தேன். ஜன்னலில் அவள் நின்ற அந்தப் பதினொன்று இருபதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “லிட்மஸ் தாள்லே விஷம் தெரியாது, இல்லையாப்பா?”

“தெரியாது.”

“அப்போ மொத நாளே பொய்.”

“மொத நாளே.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வந்த என்னை ஆயா பார்த்தாள். “போயி மூஞ்சி கழுவுங்க சாமி. இன்னைக்கு இது போதும்” என்றாள்.

மாத்திரையை அதற்குப் பிறகும் ஒன்பது காலை வேண்டாம் என்றாள். அந்த ஒன்பது நாளும் நான் ஜன்னலில் உட்கார்ந்து ஊரார் பாட்டிலில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டுச் சிந்தாமல். பத்தாவது காலை அவள் கேட்டாளாம்: “நாக்கு மரக்குமா?”

“முழுசா முழுங்குனா மரக்காதாம். பொடி பண்ணுனாத்தான் மரக்கும்னு டாக்டரு சொன்னாரு.”

வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

பங்குனியில் வீட்டுக்கு வந்தாள். நோய் ஓடிப்போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசை. எழுதமாட்டேன். ரேடியோ ஏதோ ஒரு தெருவில் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. வாரம் ஒருநாள் வார்டுக்குப் போய் டாக்டரிடம் அரைமணி பேசுவாள். போகும்போது ஆயாவுக்குக் கடலைக்காய் கொண்டுபோவாள். அம்மா பரிமாறினால் சாப்பிட்டாள். நான் தண்ணீர்ச் செம்பை நகர்த்திக் கொடுத்தால்கூட எழுந்துபோய் வேறு மொண்டுகொண்டாள். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு அவள் அம்மாதான் நம் ஜன்னலுக்கு வருவாள். அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த கை, வீட்டில் ஒரு டம்ளர் கொடுக்க லாயக்கில்லாத கை. அதை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை மாலை உட்கார்ந்திருப்பேன்! இனி இந்த ஜென்மத்தில் என் கையால் எதையும் வாங்கமாட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆடி மாதம். சாரல். ஜன்னலில் வரிசை குறையவே இல்லை. பட்டை வெட்டிக்கொண்டு குனிந்தபடி “முந்தே பன்னி” என்றேன். பாட்டில் வரவில்லை. ஒரு சீட்டு வந்தது. டாக்டர் கையெழுத்து. அதைப் பிடித்திருந்த விரல்களை அவள் பிறந்த அன்றிலிருந்து நான் அறிவேன்.

யதுகிரி நனைந்துபோய் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஆறியிருக்கின்றனவா என்று பார்த்தாள்.

பிறகு உள்ளங்கையை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

“பொடி பண்ணாதேங்கோப்பா. முழுசாவே குடுங்கோ.”